கொரோலாவுக்கு ஒரு விலை, அதன் இரட்டைக்கு ஒரு விலை: அமெரிக்கப் பழைய கார் சந்தையின் கணக்கு

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் இன்று டெஸ்லா கார்கள் தயாராகும் ஆலைக்கு ஒரு முன்கதை உண்டு. 1982-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அதை இழுத்து மூடியது. அந்த நிறுவனத்தின் ஆலைகளிலேயே மிக மோசமான பெயர் எடுத்த இடம் அது. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாட்கள் உண்டு; வேலை நேரத்தில் குடிப்பவர்களும் உண்டு. இரண்டு ஆண்டு கழித்து டொயோட்டாவுடன் பாதிக்குப் பாதி கூட்டு சேர்ந்து, நும்மி என்ற பெயரில் அதே ஆலையைத் திறந்தார்கள். பழைய தொழிலாளர்களில் பெரும்பாலோரைத் திரும்ப எடுத்து, ஒரு பகுதியினரை ஜப்பானின் டகாவோகா ஆலைக்கு அனுப்பிப் பழக்கி, டொயோட்டா முறையில் வேலை வாங்கினார்கள். கோளாறு கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம் என்பது அந்த முறையில் ஒன்று. சில ஆண்டுகளில் அங்கிருந்து வந்த கார்களின் தரம் ஜப்பானில் செய்தவற்றுக்கு அருகே வந்துவிட்டது.

அங்கே டொயோட்டா கொரோலா தயாரானது. அதே அடித்தளத்தில், அதே இன்ஜினோடு, ஜெனரல் மோட்டார்ஸின் ஜியோ பிரிசம் என்ற காரும் தயாரானது. 1989-ல் வந்த பிரிசம், 1998-ல் அதே நிறுவனத்தின் இன்னொரு பிராண்டான செவ்ரலே பெயருக்கு மாறி 2002 வரை ஓடியது. வெளித்தகடு, விளக்கு, உள்ளே கொஞ்சம் அலங்காரம் ஆகியவை வேறு. ஓட்டத்துக்கு வேண்டிய பாகங்கள் டொயோட்டாவுடையவை. ஆனால் நான்கைந்து ஆண்டு ஓடிய பிறகு பழைய கார் சந்தைக்கு வந்தால் கொரோலாவுக்கு ஒரு விலை, பிரிசத்துக்கு அதைவிடக் குறைந்த விலை.

உள்நாட்டுக் காரா, இறக்குமதிக் காரா என்று அமெரிக்காவில் அரை நூற்றாண்டாக நடக்கும் வாதத்தை இந்த ஜோடியிலிருந்து தொடங்குவது நல்லது. மற்ற எல்லா ஒப்பீட்டிலும் தரமும் பெயரும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். இங்கே மட்டும் தரத்தைச் சமமாக வைத்துவிட்டு, பெயருக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தனியாகப் பார்க்க முடிகிறது. அதே ஆலையிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸின் பெயரில் 2003 மாடலாக வந்த பான்டியாக் வைப் இன்னொரு உதாரணம். அது டொயோட்டா மேட்ரிக்ஸின் உடன்பிறப்பு. 2010-ல் பான்டியாக் என்ற பிராண்டையே மூடிவிட்டார்கள். அதே ஆண்டு ஜனவரியில் ஆக்சிலரேட்டர் பெடல் சிக்கிக்கொள்ளும் சிக்கலுக்காக டொயோட்டா லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தபோது, 2009, 2010 வைப் கார்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. பழுதில் சொந்தம் விட்டுப்போகவில்லை, விலையில் மட்டும்தான் ஒட்டவில்லை.

சரி, ஒரே பொருளுக்கு ஏன் இரண்டு விலை? 1970-ல் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் எழுதிய ஒரு கட்டுரை பழைய கார்களை வைத்தே இதன் அடிப்படையை விளக்கியது. 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அந்தக் கட்டுரைதான் முக்கியக் காரணம். விற்பவருக்குக் காரின் உள்நோய் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் அந்த வகைக் கார்களின் சராசரி நிலைக்குத் தக்க விலைக்கு மேல் கொடுக்க மாட்டார். சராசரி விலைதான் கிடைக்கும் என்றால் நல்ல கார் வைத்திருப்பவர் விற்க வரமாட்டார். சந்தையில் மோசமானவையே மிஞ்சும். இந்த இருட்டில் வாங்குபவர் கைக்கு எட்டும் ஒரே தடயம் பிராண்ட். கொரோலா என்றால் சராசரியே நன்றாக இருக்கும் என்று ஊரே நம்புகிறது. செவ்ரலே என்ற சொல்லுக்குப் பின்னால் 1971-ல் வந்த வேகா நிற்கிறது. உருளைக்குள் இரும்பு உறை இல்லாத அலுமினிய இன்ஜின் எண்ணெய் குடித்தது, உடல் துருப்பிடித்து உதிர்ந்தது. பிரிசத்தை வாங்க வருபவர் அந்தக் கணக்கையும் சேர்த்தே விலை கேட்கிறார்.

பெயர் மட்டும்தான் காரணம் என்று நிறுத்திக்கொண்டால் பாதிக் கதை போய்விடும். பணக்கணக்கு ஒன்றும் இருக்கிறது; அது பலர் கவனிக்காதது. டெட்ராய்ட் நிறுவனங்கள், அதாவது ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு போன்ற அமெரிக்கக் கார் நிறுவனங்கள், தொழிற்சங்கத்தோடு 1984-ல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, வேலை இல்லாமல் போன தொழிலாளிக்கும் சம்பளத்தின் பெரும்பகுதியைக் கொடுத்தாக வேண்டும். ஆலையை நிறுத்தினாலும் செலவு நிற்காது. அதனால் தேவை இருக்கிறதோ இல்லையோ கார்களைச் செய்து தள்ளினார்கள். மிஞ்சியவற்றை வாடகைக் கார் நிறுவனங்களுக்குக் கொடுத்தார்கள். ஃபோர்டு ஒரு படி மேலே போய், 1994 முதல் 2005 வரை ஹெர்ட்ஸ் வாடகைக் கார் நிறுவனத்தையே தன் கையில் வைத்திருந்தது. வாடகைக்கு ஓடிய கார் ஓராண்டில் ஏலத்துக்கு வந்துவிடும். ஒரே மாடல், ஒரே வெள்ளை நிறம், ஆயிரக்கணக்கில். 1992 முதல் 1996 வரை நாட்டிலேயே அதிகம் விற்ற கார் ஃபோர்டு டாரஸ். அந்த விற்பனையில் கணிசமான பங்கு இப்படிப் போனதுதான். ஏலத்தில் வெள்ளமாக வந்தால் விலை எப்படி நிற்கும்?

இதோடு தள்ளுபடிகள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் வட்டியில்லாக் கடனை அறிவித்தது. 2005 கோடையில் ஊழியர்களுக்குத் தரும் விலையையே எல்லோருக்கும் தந்தது. ஃபோர்டும் கிறைஸ்லரும் பின்தொடர்ந்தன. புதுக் காரின் உண்மை விலை சில ஆயிரம் டாலர் இறங்கினால், நேற்று வாங்கியவரின் பழைய காரும் அன்றைக்கே அவ்வளவு இறங்கும். அப்புறம் பத்திரிகைகள் புதுக் காரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் விலையிலிருந்து கணக்குப் போட்டு, இந்த உள்நாட்டுக் கார் மூன்றே ஆண்டில் பாதி மதிப்பை இழந்தது என்று எழுதும். வாங்கியவர் ஸ்டிக்கர் விலையைக் கொடுக்கவே இல்லையே. இழப்பின் ஒரு பகுதி முதல் நாளே அவர் பைக்குள் தள்ளுபடியாகத் திரும்பி வந்திருக்கும். மறுவிற்பனை மதிப்பு என்று அச்சில் வரும் சதவீதத்தை நான் அரை நம்பிக்கையோடுதான் படிப்பேன்.

பெயர் எப்படிச் சேர்கிறது, எப்படிக் கரைகிறது என்பது இன்னும் சுவாரசியமானது. டொயோட்டாவுக்கே அமெரிக்காவில் முதல் முயற்சி தோல்வி. 1950களின் கடைசியில் வந்த டொயோபெட் கிரவுன் அமெரிக்க நெடுஞ்சாலை வேகத்தைத் தாங்காமல் திணறியது. சீக்கிரமே அதன் விற்பனையை நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. 1970களின் ஜப்பானியக் கார்கள் நன்றாக ஓடின, ஆனால் உப்பு தூவும் வடக்கு மாநிலங்களில் துருப்பிடித்து மடிந்தன. ஹூண்டாய் 1986-ல் எக்ஸெல் என்ற காரை 5,000 டாலருக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்து, முதல் ஆண்டிலேயே ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது. அவை பொலபொலவென்று கழன்று விழுந்ததில் அந்தப் பெயர் பல ஆண்டுகளுக்குக் கேலிப்பொருளாயிற்று. 1998-ல் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 10 ஆண்டு, 1 லட்சம் மைல் வாரண்டி கொடுத்துத்தான் மீண்டது. பழைய கார் வாங்குபவர் இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு: அந்தப் பத்தாண்டு வாரண்டி முதல் உரிமையாளருக்கு மட்டும். சாதாரண முறையில் கை மாறினால் 5 ஆண்டு, 60,000 மைலாகச் சுருங்கிவிடும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் பார்த்துவிட்டு ஏமாறுபவர்கள் உண்டு.

பழுது வந்தால் பெயர் கெடும் என்றுதான் நினைப்போம். டொயோட்டா டகோமா பிக்கப்பின் கதை அப்படிப் போகவில்லை. 1995 முதல் 2000 வரையிலான வண்டிகளின் அடிச்சட்டம் உள்ளிருந்து துருப்பிடித்து, சிலவற்றில் ஓட்டை விழும் அளவுக்குப் போனது. வண்டியின் எலும்பே அதுதான். இதைவிடப் பெரிய குறை பிக்கப்பில் வேறு என்ன வேண்டும்? 2008-ல் டொயோட்டா அந்த அடிச்சட்டங்களுக்கு வாரண்டியை நீட்டித்தது. சரிசெய்ய முடியாதவற்றை, பழைய கார்களின் விலைக் கையேடான கெல்லி புளூ புக் சொல்லும் விலையைப்போல ஒன்றரை மடங்கு கொடுத்துத் தானே வாங்கிக்கொண்டது. இன்றும் அமெரிக்காவில் விலை குறையாத வண்டிகளின் வரிசையில் டகோமா முன்னணியில்தான் நிற்கிறது. மறுபுறம், ஜெனரல் மோட்டார்ஸ் 1978 முதல் 1985 வரை விற்ற ஓல்ட்ஸ்மொபில் டீசல் இன்ஜினில் தலைப்பகுதி போல்ட்டுகள் தாங்கவில்லை, எரிபொருளில் கலந்த நீரைப் பிரிக்க வழி வைக்கவில்லை. அமெரிக்கர்களுக்கு டீசல் கார் மீதே நம்பிக்கை போய்விட்டது. இரண்டுமே வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் நடந்த பிழைகள்தான். பின்னால் வந்த கவனிப்புதான் வேறு. மறுவிற்பனை விலைக்குள் அந்தக் கவனிப்பும் சேர்ந்தே இருக்கிறது.

இதற்கிடையில் இறக்குமதி என்ற வேலியே சாய்ந்துவிட்டது. 1981-ல் ரீகன் அரசின் நெருக்கடியால் ஜப்பான் தன் கார் ஏற்றுமதியை ஆண்டுக்கு 16.8 லட்சமாகத் தானே மட்டுப்படுத்திக்கொண்டது. எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு என்றால் அங்கேயே ஆலை போடு என்று ஜப்பானியர்கள் கிளம்பினார்கள். கட்டுப்பாட்டுக்கு முன்பே திட்டமிட்டிருந்த ஹோண்டா முந்திக்கொண்டது: 1982 நவம்பரில் ஒஹையோ மாநிலத்தின் மேரிஸ்வில்லில் அதன் அக்கார்டு தயாரானது. 1988-ல் கென்டக்கியின் ஜார்ஜ்டவுனில் டொயோட்டா கேம்ரி. அதே 1988-ல் ஒஹையோவில் செய்த அக்கார்டுகளை ஹோண்டா ஜப்பானுக்கே ஏற்றுமதியும் செய்தது. இன்னொரு பக்கம், ஃபோர்டு ஃப்யூஷன் மெக்சிகோவில் செய்யப்பட்டது. செவ்ரலே டிராக்ஸ் தென் கொரியாவிலிருந்து வருகிறது. ஜெனரல் மோட்டார்ஸின் பியூக் என்விஷனைச் சீனாவிலிருந்து கொண்டுவந்தார்கள். ஆக, ‘அமெரிக்கக் கார்தான் வாங்குவேன்’ என்று பியூக் வாங்கியவர் சீனாவில் செய்ததை ஓட்ட, பக்கத்து வீட்டுக்காரர் கென்டக்கியில் செய்த டொயோட்டாவை ஓட்டலாம். கார் எங்கே பிறந்தது என்று பார்க்க விரும்பினால், முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் 17 இலக்க அடையாள எண்ணின் முதல் குறியே போதும்: 1, 4, 5 என்றால் அமெரிக்கா, 2 கனடா, 3 மெக்சிகோ. ஜே என்ற எழுத்து ஜப்பான், கே தென் கொரியா, டபிள்யூ ஜெர்மனி.

2025 ஏப்ரலில் இறக்குமதிக் கார்களுக்கு 25 சதவீதக் கூடுதல் வரி வந்தபோது இந்த எண் திடீரென்று பேச்சுக்கு வந்தது. ஜப்பானுக்கு மொத்த வரி பின்னர் 15 சதவீதமாகக் குறைந்தது. ஏற்கெனவே நாட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் பழைய காருக்கு வரி இல்லை. ஆனால் புதுக் கார் விலை ஏறும் என்ற எண்ணம் வந்தாலே பழைய காருக்கும் கேட்கும் விலை ஏறிவிடுகிறது.

நம்பகத்தன்மையை அளப்பதற்கு வருவோம். அங்கே இரண்டு அளவைகளைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். நுகர்வோர் பத்திரிகையான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் தன் சந்தாதாரர்களிடம் கேட்டு ஆண்டுதோறும் வெளியிடுகிறது. ஜே.டி. பவர் நிறுவனம் நூறு கார்களுக்கு எத்தனை குறைகள் என்று எண்ணுகிறது: புதுக் காருக்கு முதல் 90 நாளில் ஒரு கணக்கு, மூன்று ஆண்டு ஓடிய காருக்கு இன்னொன்று. இந்த மூன்றாண்டுக் கணக்கில் தொடர்ந்து 14 ஆண்டுகள் டொயோட்டாவின் சொகுசு பிராண்டான லெக்சஸ்தான் முதலிடம். 2009-ல் அதைத் தள்ளிவிட்டு இரண்டு பிராண்டுகள் சமமாக முதலிடத்துக்கு வந்தன: பியூக், ஜாகுவார். ஆமாம், ஜாகுவார்தான். அதற்காகப் பழைய ஜாகுவாரின் விலை மளமளவென்று ஏறிவிட்டதா? இல்லை. சந்தை ஒரு பட்டியலைப் பார்த்து மனம் மாறுவதில்லை. பத்து, பதினைந்து ஆண்டு மெக்கானிக்குகள் சொல்லக் கேட்டுத்தான் மாறும்.

சந்தையின் பிடிவாதத்தை முழு முட்டாள்தனம் என்று சொல்லவும் முடியாது. எண்ணிக்கை சொல்லாத ஒன்றைச் சந்தை அறிந்து வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் புளூடூத் ஒட்டாததும் ஒரு குறை, கியர்பாக்ஸ் உடைந்ததும் ஒரு குறை. பழைய கார் வாங்குபவருக்கோ முதலாவது எரிச்சல், இரண்டாவது காரின் விலையையே விழுங்கும் செலவு. அதிலும் மூன்றாவது ஆண்டுக் கணக்கு முதல் உரிமையாளரின் கணக்கு. எட்டாவது ஆண்டில், 1 லட்சம் மைல் தாண்டிய பிறகு வாங்குபவரின் கவலை வேறு. ஜெர்மன் சொகுசுக் கார்களின் விலை அங்கே அடிமட்டத்துக்குச் சரிவதன் காரணமும் இதில்தான் இருக்கிறது. புதிதாக வருபவற்றில் பெரும்பகுதி மூன்றாண்டு லீஸில், அதாவது நீண்டகால வாடகையில், போகிறது. லீஸ் முடிந்ததும் கூட்டமாகச் சந்தைக்கு வருகின்றன. 4 ஆண்டு, 50,000 மைலில் வாரண்டி தீர்ந்துவிடும். அப்புறம் வரும் குளிர்விப்பு அமைப்பின் பிளாஸ்டிக் பாகங்களுக்கும், எண்ணெய்க் கசிவுகளுக்கும், கூலிக்கும் சேர்த்துச் சந்தை முன்கூட்டியே கழித்துக்கொள்கிறது. ஏழு வயது பிஎம்டபிள்யூ ஒரு கேம்ரி விலைக்குக் கிடைக்கிறதே என்று மகிழ்பவர், பாகங்களை இன்னும் பிஎம்டபிள்யூ விலைக்குத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

எனக்குத் தோன்றுவது இதுதான்: நம்பகத்தன்மை நாட்டோடு ஒட்டியிருப்பதில்லை, பிராண்டோடு கூட முழுமையாக ஒட்டியிருப்பதில்லை. குறிப்பிட்ட இன்ஜின், குறிப்பிட்ட கியர்பாக்ஸ், குறிப்பிட்ட ஆண்டு என்பவற்றோடு ஒட்டியிருக்கிறது. விலை மட்டும் பிராண்டோடு ஒட்டியிருக்கிறது.

ஹோண்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பவர்கள், 1999 முதல் 2003 வரை அதன் வி6 (ஆறு சிலிண்டர்) கார்களில் வந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை மறந்துவிடுகிறார்கள். அது தோற்ற வேகத்தில் ஹோண்டாவே வாரண்டியை நீட்டித்தது. தனித்தனி கியர் படிகள் இல்லாத, நிஸானின் சிவிடி கியர்பாக்ஸுக்கும் அப்படித்தான். டொயோட்டாவின் 2.4 லிட்டர் இன்ஜின் 2007 முதல் சில ஆண்டுகள் எண்ணெய் குடித்தது. முதலில் சொன்ன கொரோலா-பிரிசம் ஜோடியிலும் 1998 முதல் வந்த 1.8 லிட்டர் இன்ஜினுக்கு அதே வியாதி இருந்தது, இருவருக்கும் சரிசமமாக. மறுபக்கம், 2012 முதல் 2016 வரையிலான ஃபோர்டு ஃபோகஸ் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸால் பெயர் கெட்டு, வழக்கு வரை போய், விலை சரிந்தது. அதே ஃபோகஸ் கையால் கியர் மாற்றும் வகையில் வந்தபோது அந்தக் கோளாறுக்கு இடமே இல்லை. ஆனால் சரிந்த பெயர் இரண்டையும் சேர்த்தே இழுத்தது. இப்படி விலைக்கும் உண்மைக்கும் நடுவே விழும் இடைவெளிதான் பழைய கார் வாங்குபவரின் லாபம்.

டெட்ராய்ட்டிலும் அப்படிப்பட்ட புதையல்கள் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் 3.8 லிட்டர் வி6 இன்ஜின் வந்த பியூக் லெசேபரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்ற முதியவர்கள் வாங்கி, கடைக்கும் சர்ச்சுக்கும் மட்டும் ஓட்டிய கார். மேல்பகுதியிலுள்ள பிளாஸ்டிக் மேனிஃபோல்டும் கூலன்ட் குழாய் இணைப்பும் கசியும். அதை மாற்றிவிட்டால் அந்த இன்ஜின் 2 லட்சம் மைலை அலட்டாமல் தாண்டும் என்று மெக்கானிக்குகளிடையே பெயர் வாங்கியது. இளைஞர்கள் திரும்பிப் பார்க்காத தோற்றம், அதனால் மலிவு. போலீஸும் டாக்ஸிக்காரர்களும் அடித்து ஓட்டிய ஃபோர்டு கிரவுன் விக்டோரியாவும் அப்படித்தான். அமெரிக்கத்தனத்தின் அடையாளமான அந்தக் காரை 2011-ல் நிறுத்தும்வரை கனடாவின் ஒன்டாரியோவில்தான் செய்தார்கள் என்பது ஒரு வேடிக்கை. பிக்கப்பிலும் ஜீப் ரேங்லரிலும் உள்நாட்டுப் பெயருக்கு மறுவிற்பனைக் குறையே கிடையாது. 1964 முதல் இறக்குமதி பிக்கப்புகளுக்கு 25 சதவீத வரி போட்டு அந்தச் சந்தையை வேலி கட்டிக் காத்ததும் அதற்கு ஒரு காரணம்.

படிக்கவும் வேலைக்கும் அமெரிக்கா போகும் நம் பிள்ளைகளுக்கு முதல் அறிவுரை ‘கொரோலா, இல்லாவிட்டால் சிவிக்’ என்றுதான் கிடைக்கும். இதில் ஒரு நியாயம் இருக்கிறது, அது நம்பகத்தன்மையை விடவும் விற்பது சம்பந்தப்பட்டது. படிப்பு முடித்து வேறு மாநிலத்துக்குப் போகும் மாணவர் ஒரே வாரத்தில் காரைக் கை மாற்றியாக வேண்டும். கொரோலாவை அடுத்த பேட்ச் மாணவர் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வார். லெசேபருக்கு ஆள் தேட வேண்டும். இரண்டே ஆண்டில் விற்கப் போகிறவருக்குப் பெயருக்குக் கொடுத்த கூடுதல் பணத்தின் பெரும்பகுதி திரும்ப வந்துவிடும். ஏழெட்டு ஆண்டு ஓட்டிக் கழித்துக்கட்டப் போகிறவருக்கு அது வராத பணம். அதே தொகைக்குக் கொரோலாவில் 1,40,000 மைல் ஓடியதுதான் கிடைக்கும் என்றால், பெயர் குறைந்த நல்ல மாடலில் எவ்வளவு குறைவாக ஓடியது கிடைக்கிறது என்று பார்ப்பது நல்லது.

எதை வாங்கினாலும் செய்ய வேண்டியவை சில உண்டு. அந்த மாடலின் எந்த ஆண்டில் எந்தக் கியர்பாக்ஸ் வந்தது என்று முதலில் பாருங்கள். 17 இலக்க எண்ணை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் போட்டால் சரிசெய்யாமல் விட்ட ரீகால் இருக்கிறதா என்று இலவசமாகத் தெரிந்துவிடும். வடக்கு மாநிலக் கார் என்றால் லிஃப்ட்டில் ஏற்றி அடியில் துரு பார்க்காமல் பேச்சே வேண்டாம். ஹோண்டா வி6 என்றால் டைமிங் பெல்ட் மாற்றிய ரசீது கேளுங்கள். 1 லட்சம் மைலை ஒட்டி அது மாற்றியாக வேண்டியது, ரசீது இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காசு கொடுத்துச் சோதனை செய்யுங்கள். அதற்கு விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், முன்னால் ஒட்டியிருப்பது டொயோட்டா சின்னமாகவே இருந்தாலும், அடுத்த காரைப் பார்க்கக் கிளம்புங்கள்.